மலையில் ஓடும் பழைய காரில் ஒளிந்திருக்கும் மின்பழுதைக் கண்டுபிடிப்பது: முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஓடுகிற பழைய கார்களில் மின்பழுது என்றால் புகார் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இரவு ஒழுங்காக நிறுத்திய வண்டி காலையில் ஸெல்ஃப் எடுக்காது. மழை பிடித்த நாளில் மட்டும் ஹெட்லைட் மங்கும், ஹாரன் கம்மும். அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே வளைவில் இன்ஜின் ஒரு நொடி செத்து மறுபடி பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் கடையில் கிடைக்கிற பதில் ஒன்றே: "பேட்டரிய மாத்திடுங்க." மாற்றிய சில வாரத்தில் அதே புகார் திரும்பி வந்து நிற்கும்.

பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஸெல்ஃப் மோட்டார் என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பதைப் பழுது தேடுவது என்று சொல்ல முடியாது. வோல்ட் எந்த இடத்தில் தொலைகிறது, கரண்ட் எந்த வழியாகக் கசிகிறது என்று அளக்கவேண்டும். அளந்தால் அரை நாளில் பழுதின் கழுத்தைப் பிடித்துவிடலாம். மாருதி 800, ஆம்னி, ஜிப்ஸி, அம்பாசிடர், பத்மினி, பழைய ஜீப் ஆகிய எல்லாவற்றுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும். இவற்றில் ஒயரிங் எளிமையானது, கையால் தொட்டுப் பின்தொடரக்கூடியது. அதுதான் நமக்குள்ள பெரிய சௌகரியம்.

சமவெளியில் இருபது வருடம் தாங்கும் ஒயரிங் மலையில் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளவேண்டும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், ஊட்டிப் பக்கம் நனையும். அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி நனையும். நடுவிலும் மேகம் தரையோடு தவழ்கிற நாள்கள் நிறைய. பகலில் வெயிலில் சூடான டாஷ்போர்டும் டிக்கியும் இரவில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் செம்பின்மேல் முத்து முத்தாகப் படிகிறது. தண்ணீர் ஒழுகாத வண்டியிலும் கனெக்டருக்குள் பச்சை பூப்பது இதனால்தான். இதோடு இடைவிடாத வளைவும் குலுக்கலும் சேர்ந்துகொள்கின்றன. தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் நிற்கிற வண்டி என்றால் எலியும் சேர்ந்துகொள்ளும்.

தேடத் தொடங்குமுன் எழுதிக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளில் புகாரைத் தெளிவாக எழுதுங்கள். எப்போது வருகிறது: ஈரத்திலா, சூடானபின்பா, இடப்பக்க வளைவிலா, ஹெட்லைட் போட்டால் மட்டுமா? அதே நேரம் வேறு எது மாறுகிறது? இந்த இரண்டாவது கேள்விதான் தங்கம். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறது என்றால் பின்விளக்கின் எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) அறுந்திருக்கிறது என்று மீட்டர் எடுக்காமலே சொல்லிவிடலாம். தன் எர்த்துக்கு வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது. ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே நகர்ந்தால் மீட்டர் போர்டின் எர்த்தையோ, அதற்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசரையோ சந்தேகிக்கவேண்டும். ஸெல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடேறினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை போய்விட்டது. நூறு ஆம்பியருக்கு மேல் போகவேண்டிய கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது. அப்படியே விட்டால் கேபிளின் உறை உருகி இறுகிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் இறுகினால் இறக்கத்தில் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதுவரை யார் யார் என்னென்ன மாட்டினார்கள் என்பதையும் எழுதுங்கள். ஃபாக் லைட், ஸ்டீரியோ, ரிமோட் லாக், ரிவர்ஸ் ஹாரன். பழைய வண்டியில் தொழிற்சாலை போட்ட ஒயர் கெடுவதைவிட, பிறகு வந்தவர் உரித்து முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் கெடுவதே அதிகம். தேடலை அங்கிருந்து தொடங்கினால் பாதி நேரம் மிச்சம்.

கருவிகள்

10 ஆம்பியர் துளை உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். மில்லிவோல்ட் அளவு காட்டவேண்டும், விலை உயர்ந்ததாக இருக்க அவசியமில்லை. இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பை ஹோல்டரோடு இரண்டு முதலைக் கிளிப்பில் கட்டிய டெஸ்ட் லேம்ப் ஒன்று. ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு ஒற்றை ஒயர், இரு முனையிலும் கிளிப்போடு. டிக்கியில் நின்றபடி பேட்டரி முனையிலிருந்து அளக்க இது இல்லாமல் முடியாது. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் கை ஸ்ப்ரே பாட்டில், நெற்றியில் கட்டும் லைட், நைஸான உப்புத்தாள், உதிரி ஃபியூஸ்கள். இதற்குமேல் தேவையில்லை.

வேலைக்கு முன் மோதிரம், வாட்ச், கைச்செயினைக் கழற்றிவிடுங்கள். பேட்டரிக்கு மேல் சிகரெட், தீக்குச்சி வேண்டாம். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது. கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியோடு சேர்ந்திருக்கும். எந்த முனை எர்த் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே ஸ்பேனரை எடுக்கவேண்டும்.

பேட்டரியும் சார்ஜும்: பத்து நிமிடத்தில் முடியவேண்டிய வேலை

வண்டி ஓடி நின்று நாலைந்து மணி நேரம் ஆனபிறகு பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ், 12.0க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். ஸெல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ஒரு செல்லுக்கும் மற்றதுக்கும் 0.050க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த பேட்டரியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றில், பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டாலும் 13.5க்கு மேலேயே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள், பிறகு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முனையைப் பாருங்கள். மலையில் குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டி, அதாவது காலையில் மார்க்கெட், சாயங்காலம் ஸ்கூல் என்று ஓடும் வண்டி, ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜை அந்த ஓட்டத்தில் முழுதாகத் திரும்பப் பெறாது. அதையும் பழுது என்று எண்ணி ஒயரைப் பிரிக்கவேண்டாம்.

குளிரையும் கணக்கில் எடுக்கவேண்டும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாப் பக்கம் புல்மேல் உறைபனி விழுகிற விடியலில் பேட்டரியின் இழுக்கும் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். இன்ஜின் ஆயிலும் கெட்டிப்பட்டிருக்கும். மேட்டுப்பாளையத்தில் பிரச்சினை தராத சின்ன எர்த் கோளாறு அந்த விடியலில்தான் பல்லைக் காட்டும்.

பேட்டரியின் மேல்பரப்பையும் விடாதீர்கள். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ்வில் வைத்து, சிவப்பு முனையைப் பிளாஸ்டிக் மூடிமேல் அங்கங்கே தொட்டுப் பாருங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், ஆசிட் ஈரமும் தூசும் சேர்ந்த படலம் வழியாக பேட்டரி தன்னைத்தானே காலி செய்துகொண்டிருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிடுங்கள். கரைசல் செல் மூடிக்குள் இறங்கக்கூடாது.

எர்த்: மலைவண்டியின் முதல் குற்றவாளி

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் லைவ் ஒயர் தனித்தனியாக வருகிறது. திரும்பிப் போகும் வழி பாடியின் தகடு. அந்தத் தகடும் ஒயரின் வளையமும் சேருகிற போல்ட்டின் அடியில் துரு ஏறினால் கரண்ட்டின் பாதை நெரிகிறது. துரு வெளியே தெரியாது, பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். "எர்த்து டைட்டாத்தான் இருக்கு" என்று ஸ்பேனரால் தட்டிப் பார்த்துச் சொல்வதில் பொருளில்லை.

ஓம் அளவில் மீட்டரை வைத்து "கன்டினியூட்டி வருது" என்று பார்ப்பதிலும் இதே ஏமாற்றம்தான். இருபது இழை உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஸெல்ஃப் மோட்டாரின் வழியில் 0.002 ஓம் கூடுதலாக இருந்தாலே 100 ஆம்பியரில் 0.2 வோல்ட் தொலையும். அந்த அளவு ஓமைச் சாதாரண மீட்டர் பார்க்கவே பார்க்காது. ஆகவே விளக்கு எரியும்போதும் மோட்டார் சுற்றும்போதும் வோல்ட்டில் அளக்கவேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் விதம் இது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் இருக்கட்டும். கிளாம்பில் அல்ல, குமிழிலேயே. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்தில். பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றி, இன்ஜின் பிடிக்காதபடி செய்து, கியர் நியூட்ரலில் இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் ஐந்து நொடி ஸெல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். 0.5, 0.8 என்று காட்டினால் சிவப்பு முனையைப் படிப்படியாக பேட்டரியை நோக்கிக் கொண்டுவாருங்கள்: பிளாக்கிலிருந்து எர்த் பட்டையின் இன்ஜின் முனை, பிறகு பாடி முனை, பிறகு பேட்டரி கேபிளின் பாடி முனை, பிறகு கிளாம்ப். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே அளவு சட்டென்று விழுகிறதோ அங்கேதான் துரு. பேட்டரி குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே 0.3 வோல்ட் தொலைவதும் உண்டு. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்வளையத்தில் கறுப்பாகப் படிந்திருக்கும்.

லைவ் பக்கமும் இதே முறைதான். பாசிட்டிவ் குமிழில் ஒரு முனை, ஸெல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில் ஒரு முனை. ஸெல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் எடுக்கும். சுவிட்ச், டிம்மர், கனெக்டர், எர்த் எல்லாம் சேர்ந்து வெறும் 0.3 ஓம் கூடுதலாக நின்றால் பல்புக்குக் கிடைப்பது 10.8 வோல்ட்தான். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைகிறது. பர்லியார் பக்கம் இரவு மூட்டத்தில் இறங்கும்போது அந்த முப்பது சதவீதம் சின்ன விஷயமே அல்ல. அதிக வாட் பல்பு வாங்கிப் போடுவது இதற்கு மருந்தாகாது. கரண்ட் கூடி, ஏற்கெனவே தளர்ந்த கனெக்டர் உருகும். லைட் எரியும்போது பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே 0.2க்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்யுங்கள். லைவ் பக்கத்தில் 0.5க்கு மேல் தொலைந்தால் சுவிட்ச் வழியாகப் போகும் முழு கரண்ட்டையும் ரிலேவுக்கு (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் சுவிட்ச்) மாற்றுங்கள். நான்கு முனை ரிலே, பேட்டரியிலிருந்து 30ஆம் எண் முனைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், 87லிருந்து பல்புக்கு, பழைய ஒயர் 86க்கு, 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே.

இரவில் பேட்டரி காலியாவது: கசிவைப் பிடிப்பது

பேட்டரியும் சார்ஜும் எர்த்தும் சரி, ஆனாலும் மூன்று நாள் நின்றால் வண்டி எடுக்கவில்லை. அப்படியானால் நிற்கும்போது எங்கோ கரண்ட் போகிறது. 5 வாட் டிக்கி பல்பு அணையாமல் எரிந்தாலே 0.4 ஆம்பியர். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் ஹவர். மாருதி 800இன் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்றாம் நாள் காலை கையை விரித்துவிடும்.

இக்னிஷன் அணைத்து, சாவியை எடுத்து, எல்லா கதவையும் சாத்துங்கள். டிரைவர் கதவு திறந்திருக்கவேண்டும் என்றால் கதவு சுவிட்ச்சை உள்ளே அழுத்தி டேப் ஒட்டுங்கள். பானெட்டில் விளக்கு இருந்தால் பல்பைக் கழற்றுங்கள். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, முதலில் டெஸ்ட் லேம்பைக் கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவே மாட்டிப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு, மீட்டரை மாட்டினால் அதன் ஃபியூஸ் போகக்கூடும். பல்பு எரியாவிட்டால் மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, சிவப்பு முனையைக் கிளாம்பிலும் கறுப்பு முனையைக் குமிழிலும் பிடியுங்கள். இந்த நிலையில் யாரும் சாவியைத் திருப்பக்கூடாது, ஹெட்லைட் போடக்கூடாது.

கார்புரேட்டர் வண்டியில் கடிகாரமும் ஸ்டீரியோவின் மெமரியும் மட்டும் என்றால் 0.03 ஆம்பியருக்குள் நிற்கும். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சுவது) கன்ட்ரோல் பெட்டி தூங்கப் போக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். அதன்பிறகு 0.05க்குள் வரவேண்டும். அதற்குமேல் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ, அந்த ஃபியூஸின் வழியில்தான் கசிவு. ஃபியூஸைக் கழற்றாமலும் பார்க்கலாம். பிளேடு ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லிவோல்ட் அளந்தால், 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் என்பது ஏறக்குறைய 0.13 ஆம்பியர். பூஜ்யம் காட்டும் ஃபியூஸில் கரண்ட் இல்லை. தூங்கிய கன்ட்ரோல் பெட்டியை எழுப்பாமல் பார்க்க இதுவே நல்ல வழி.

எல்லா ஃபியூஸையும் கழற்றியும் அளவு அசையவில்லையா? ஃபியூஸ் இல்லாத வழிகள் இருக்கின்றன. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் அதில் முதலாவது. நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு அந்த ஒயரை விலக்கி, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளங்கள். கசிவு நின்றால் உள்ளே டயோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போயிருக்கிறது. டயோடு மோசமாகப் போன ஆல்டர்னேட்டரைக் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் தொட்டால், பக்கத்து இரும்பெல்லாம் ஜில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏசி வோல்ட் அளந்து 0.5க்கு மேல் காட்டினாலும் அதே முடிவுதான். டைனமோ உள்ள பழைய ஜீப்பிலும் அம்பாசிடரிலும் கட்-அவுட்டின் (இன்ஜின் நின்றதும் பேட்டரியை டைனமோவிலிருந்து துண்டிக்கும் சுவிட்ச்) பாயின்ட் ஒட்டிக்கொண்டால் நின்ற பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் கொட்டும். கட்-அவுட் மூடியைத் திறந்து, இன்ஜின் நின்றதும் பாயின்ட் விலகுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் ஸ்டீரியோ. வெளியில் வாங்கிப் போடும் செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் லைவ், சிவப்பு ஒயர் சாவி திருப்பினால் மட்டும் லைவ். சோம்பலுக்கு இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தால் செட் இரவு முழுக்க விழித்திருக்கும். பிரேக் லைட் சுவிட்ச் திரும்பாமல் நிற்பது, கதவுத் தூணில் உள்ள சுவிட்ச் துருப்பிடிப்பது, கிளவ் பாக்ஸ் விளக்கு ஆகியவை எல்லாம் இருட்டில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே தெரியும்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பாக்கெட் தாளையோ செம்புக் கம்பியையோ வைப்பது வண்டியைக் கொளுத்தும் வேலை. போன ஃபியூஸின் இடத்தில் 21 வாட் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். எங்காவது லைவ் ஒயர் பாடியில் உரசினால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பல்பே கரண்ட்டை 1.75 ஆம்பியரில் கட்டுப்படுத்துவதால் ஒயருக்கு ஆபத்தில்லை. இப்போது அந்த வழியில் உள்ள விளக்கு, ஹாரன், மோட்டார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிறகு ஒயர்க்கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு மங்குகிற அல்லது அணைகிற இடத்தில் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் உரசல். ஃபயர்வால் துளையில் ரப்பர் வளையம் விழுந்துபோன இடம், ஹெட்லைட் வளைவின் விளிம்பு, டிக்கி கீல், சீட் தண்டவாளம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பத்து ஜாயின்ட் உள்ள வழி என்றால் ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போகவேண்டாம். நடுவில் உள்ள கனெக்டரைப் பிரியுங்கள். பழுது முன்பாதியிலா பின்பாதியிலா என்று தெரியும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். மூன்று, நான்கு தடவையில் இடம் சிக்கிவிடும்.

வந்து வந்து போகும் பழுது

மிகவும் பொறுமை கேட்பது இதுதான். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி நல்லபிள்ளையாக இருக்கும். பழுது வருகிற சூழலை நாமே உண்டாக்கவேண்டும். குலுக்கலில் வருகிறதென்றால் இன்ஜின் ஓட, ஒயர்க்கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசையுங்கள், கனெக்டரைத் தட்டுங்கள். ஈரத்தில் வருகிறதென்றால் ஸ்ப்ரே பாட்டிலால் ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் நனையுங்கள். முதலில் கீழே, பிறகு மேலே. மேலிருந்து தெளித்தால் தண்ணீர் வழிந்து எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போகும். சூடானபின் வருகிறதென்றால் தலைமுடி காயவைக்கும் டிரையரால் காயில், ரிலே, இக்னிஷன் மாட்யூல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சூடேற்றுங்கள்.

டிக்கி கீலிலும் டிரைவர் கதவுக் கீலிலும் ஒயர் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்கிறது. மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலில் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல ஒயர் இழுபடாது. செம்பு அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர்போல நீளும்.

ஓட்டும்போது மட்டும் இன்ஜின் செத்துப் பிடிக்கிறதா? ஐந்து மீட்டர் ஒயரைக் காயிலின் பாசிட்டிவ்வில் மாட்டி, டெஸ்ட் லேம்பை உள்ளே கொண்டுவந்து, பக்கத்து சீட்டில் உட்காருபவர் கண்ணில் படும்படி வையுங்கள். பேட்டரி லைவ் ஏறும் ஒயர் என்பதால் வழியில் எங்கும் உரசாமலும் சூடான சைலன்சர் பக்கம் போகாமலும் கட்டவேண்டும். இன்ஜின் சாகும் நொடியில் பல்பும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதன் கனெக்டர். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் காயில், பாயின்ட், மாட்யூல் பக்கம் போங்கள். இந்தப் பரிசோதனைக்குக் கல்லட்டி இறக்கம் வேண்டாம். வாகனம் குறைந்த, ஓரம் கட்ட இடமுள்ள சமமான சாலை போதும்.

மின்சாரம் போனால் இன்ஜின் சுவிட்ச் அணைத்ததுபோல் பட்டென்று சாகும். பெட்ரோல் வராவிட்டால் இழுத்து இழுத்துத் தளரும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொட்டும், பிளக் கரியாகும், இன்ஜின் திக்கும். பிளக் கறுப்பாக, காய்ந்த கரியோடு இருந்தால் ஒயரிங்கைப் பிரிக்குமுன் கார்புரேட்டரைப் பார்த்துவிடுங்கள்.

மூட்டத்திலும் மழையிலும் மட்டும் திக்கினால், கரண்ட்டைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும் பிளக் ஒயரும்தான். இருட்டியபிறகு பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓட, பிளக் ஒயர்கள்மேல் புகைபோல மெல்லிய தூறல் அடியுங்கள். கையை எட்டவே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். கசிகிற இடத்தில் நீலப்பொறி நூல்போல ஓடித் தாவுவது கண்ணுக்குத் தெரியும். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உட்புறத்தில் பென்சில் கோடுபோல ஒரு கரிக்கோடு இரண்டு முனையைச் சேர்க்கும். அதைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது, மூடியை மாற்றவேண்டும். டபிள்யூடி-40 போன்ற ஈரநீக்கி அன்றைக்கு வீடு சேர உதவும், அவ்வளவே.

ஒழுங்காகச் சரிசெய்வது

பச்சை பூத்த ஒயரை முனையில் மட்டும் சுரண்டினால் போதாது. ஈரம் உறைக்குள் தந்துகிபோல ஏறியிருக்கும். செம்பு பளபளப்பாக வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். அரை அடி வெட்டவேண்டியிருந்தால் அரை அடி. அதே தடிமனில் புது ஒயர் சேர்த்து, ரோசின் உள்ளே வைத்த 60/40 ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். பைப்பு வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், அது ஒயரைத் தின்னும். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒயர் மடங்கினால் அங்கே முறியும். ஆகவே கீல் பகுதியில் ஜாயின்ட் வராதபடி தள்ளிச் சேருங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் மலை ஈரத்தில் ஒரே பருவத்தில் பசை விட்டுப் பிரிந்துவிடும்.

எர்த் போல்ட் என்றால் கழற்றி, வளையத்தையும் தகட்டையும் உப்புத்தாளால் வெள்ளிநிறம் வரும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, அதன்பிறகு வாசலினோ கிரீஸோ மேலே பூசுங்கள். பூசிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை. இன்ஜினிலிருந்து பாடிக்குக் கூடுதலாக ஒரு எர்த் பட்டை போட்டுவிடுவது மலைவண்டிக்கு நல்லது. 16 சதுர மில்லிமீட்டர் பின்னல் பட்டை, அரை மீட்டர் போதும். எலி கடித்த ஒயர்க்கட்டில் கண்ணுக்குத் தெரிந்த இரண்டை மட்டும் சேர்த்துவிட்டு மூடாதீர்கள். டேப்பை ஒரு முழம் முன்னும் பின்னும் பிரித்தால் பல் பதிந்த மூன்றாவது ஒயர் கிடைக்கும்.

கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் தண்ணீர் ஃபியூஸ் பெட்டிமேல் சொட்டுகிற வண்டியில் முதலில் ஒழுகலை அடைத்துவிடுங்கள். மழையில் நனைந்த கால்மிதியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே காய்ந்திருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு மின்வேலையைத் தொடங்குங்கள்.

வேலை முடிந்ததும், பழுது தேடும்போது எடுத்த அதே அளவுகளை அதே இடங்களில் மறுபடி எடுங்கள்: ஸெல்ஃப் அடிக்கும்போது எர்த்தில் தொலையும் வோல்ட், ஹெட்லைட் எரியும்போது பல்பில் கிடைக்கும் வோல்ட், நிற்கும்போது கசியும் ஆம்பியர். பழைய அளவு, புதிய அளவு, தேதி, எந்த நிற ஒயரை எங்கே வெட்டிச் சேர்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, கிளவ் பாக்ஸில் ஆர்சி புத்தக நகலோடு வையுங்கள். கசிவைச் சரிசெய்த வண்டியை இரண்டு இரவு வெளியே பனியில் நிறுத்தி, மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரியை அளங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கதவு ட்ரிம்மையும் டாஷ்போர்டையும் திரும்ப மாட்டலாம்.